தொட்டவை ஏன் பிரிகின்றன?

அணுக்களின் அளவில் தொடுகை என்பதற்கு என்ன பொருள்?

மேசைமீது வைக்கப்பட்ட புத்தகம் மேசையைத் தொடுகிறது என்று சொல்லும்போது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஏதும் இல்லை என்பதே பொதுவான புரிதல். அன்றாட வாழ்வுக்கு இந்தப் புரிதல் போதும். ஆனால் மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவுக்கு இறங்கி, புத்தகத்தின் கடைசி அணுவுக்கும் மேசையின் முதல் அணுவுக்கும் இடையே என்ன நிகழ்கிறது என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. எதுவும் எதையும் உண்மையில் தொடுவதே இல்லை, நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கூட எலக்ட்ரான்களின் விலக்கு விசையால் அதற்குச் சற்று மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறார் என்று அறிவியலின் பெயரால் பலரும் சொல்லும் கூற்று இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே. கேட்பவரை வியக்கவைக்கும் அந்தக் கூற்று பாதிதான் சரி. அணுக்களின் இயல்பை முழுதாக அறிந்துகொண்டால் வியப்பு வேறோரிடத்துக்கு நகர்ந்துவிடும். பொருள்கள் எப்படித் தொடாமல் இருக்கின்றன என்பதைவிட, ஒருமுறை தொட்ட பொருள்கள் எப்படி மீண்டும் பிரிகின்றன என்பதே விளக்கம் வேண்டும் கேள்வியாகிவிடும்.

விளிம்பைத் தேடிய வாதங்கள்

தொடுகையைப் பற்றிய ஆராய்ச்சி நுண்ணோக்கிகளுக்கு மிக முற்பட்டது. எந்தப் பொருள்களின் விளிம்புகள் ஒரே இடத்தில் அமைகின்றனவோ அவையே ஒன்றையொன்று தொடுகின்றன என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது இயற்பியல் நூலில் வரையறுத்தார். இந்தியாவில், உலகப் பொருள்கள் பகுக்க முடியாத அணுக்களால் ஆனவை என்று கொண்ட வைசேடிகர், தனித்தனியான இரண்டு பொருள்கள் வந்து கூடும் சேர்க்கையைச் சையோகம் என்று பெயரிட்டு, அதைப் பண்புகளுள் ஒன்றாக எண்ணினர். கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பௌத்த அறிஞர் வசுபந்து, விம்சதிகா என்னும் சிறு நூலில் இந்த அணுக் கொள்கையை ஒரு கூர்மையான வாதத்தால் எதிர்த்தார். ஓர் அணுவை நான்கு திசைகளிலிருந்தும் மேலிருந்தும் கீழிருந்தும் ஆறு அணுக்கள் ஒரே நேரத்தில் கூடுமானால், அதற்கு ஆறு பக்கங்கள் இருந்தாக வேண்டும். பக்கங்கள் உடைய ஒன்றைப் பகுக்க முடியாதது என்று சொல்ல இயலாது. அப்படியன்றி, ஆறும் நடு அணு இருக்கும் அதே இடத்தில் வந்து பொருந்தும் என்று கொண்டால், எத்தனை அணுக்கள் திரண்டாலும் திரள் ஓர் அணுவின் அளவைத் தாண்டாது.

வசுபந்துவின் நோக்கம் அணுக் கொள்கையை மறுப்பதே என்றாலும், அவர் சுட்டிய இரண்டு சிக்கல்களும் உண்மையானவை. இருபதாம் நூற்றாண்டின் குவாண்டம் இயற்பியல் அவ்விரண்டுக்கும் தனித்தனியே விடை கண்டாக வேண்டியிருந்தது. விளிம்பே இல்லாத அணுக்கள் எங்கே தொடுகின்றன என்பது முதல் சிக்கல். விளிம்பே இல்லையென்றால் அவை ஏன் ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்துவிடுவதில்லை என்பது இரண்டாவது.

விசைகள் சமன்படும் தூரம்

அணுவின் நடுவிலுள்ள அணுக்கரு, அணுவின் குறுக்களவில் பல பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் லட்சத்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும். எஞ்சிய இடத்தை வெறுமை என்று சொல்வது வழக்கமாகிவிட்டாலும் அது சரியாகாது. அந்த இடம் முழுவதும் எலக்ட்ரான்கள் பரவியிருக்கின்றன. எலக்ட்ரான் இன்ன புள்ளியில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஒவ்வோர் இடத்திலும் அது காணப்படுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்ல முடியும் என்பதால், இந்தப் பரவலை எலக்ட்ரான் முகில் என்பர். கருவிலிருந்து விலக விலக முகிலின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது, ஆனால் எந்தத் தூரத்திலும் அது சட்டென்று முடிந்துவிடுவதில்லை. எனவே அரிஸ்டாட்டிலின் வரையறை கேட்கும் விளிம்பு அணுவிடம் இல்லை.

விளிம்பு இல்லாவிட்டாலும், இரண்டு அணுக்களுக்கு இடையே தெளிவான ஒரு தூரம் இருக்கிறது. மின்சுமை சமன்பட்ட இரண்டு அணுக்கள் ஓரளவு நெருங்கும்போது முதலில் ஒன்றையொன்று கவர்கின்றன. வாயுக்கள் திரவமாவதை விளக்குவதற்காக, மூலக்கூறுகளுக்கிடையே இத்தகைய கவர்ச்சி உண்டு என்று நெதர்லாந்தின் யொஹான்னஸ் வான்டர் வால்ஸ் 1873இல் லைடன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் கருதினார். ஓர் அணுவின் எலக்ட்ரான் முகில் ஓயாமல் ஏற்ற இறக்கம் கொள்வதும், அதற்கு இசைவாக அடுத்த அணுவின் முகில் சாய்வதுமே அந்தக் கவர்ச்சிக்குக் காரணம் என்று ஃபிரிட்ஸ் லண்டன் 1930இல் குவாண்டம் கொள்கையால் விளக்கினார். அணுக்கள் இன்னும் நெருங்கி முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கியதும் கவர்ச்சியை மிஞ்சும் விலக்கம் தோன்றுகிறது. லெனார்ட்-ஜோன்ஸ் வாய்பாடு என்று மாணவர்கள் படிக்கும் எளிய கணக்கின்படி, தூரம் பாதியாகும்போது கவர்ச்சிக்கு உரிய ஆற்றல் 64 மடங்காகிறது, விலக்கத்துக்கு உரிய ஆற்றலோ 4,096 மடங்காகிறது. இவ்வளவு வேறுபட்ட விரைவில் வளரும் இரண்டு விசைகள் ஏதேனும் ஒரு தூரத்தில் சமன்பட்டே தீரவேண்டும். பிணைப்பு இல்லாத அணுக்களுக்கு அந்தத் தூரம் பெரும்பாலும் 0.3 முதல் 0.4 நானோமீட்டர் வரை அமைகிறது. அங்கே நிற்கும் இரண்டு அணுக்களை நெருக்கினால் விலக்கம் எதிர்க்கும், விலக்கினால் கவர்ச்சி எதிர்க்கும். அணு அளவில் தொடுகை என்ற சொல்லுக்கு இயற்பியல் தரக்கூடிய முதல் பொருள் இந்தச் சமநிலைதான்.

விலக்கத்துக்குக் காரணம், எதிர்மின்சுமை உடைய எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதே என்று சொல்வது பாதி விளக்கமே ஆகும். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்று வூல்ஃப்காங் பௌலி 1925இல் வகுத்த தவிர்க்கைத் தத்துவமே இதில் முதன்மையானது. முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, ஏற்கெனவே நிரம்பிய நிலைகளில் இடமில்லாத எலக்ட்ரான்கள் அதிக ஆற்றல் கொண்ட நிலைகளுக்குப் போக நேர்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலை நெருக்குபவர்தான் தரவேண்டும் என்பதால், அது விலக்கு விசையாக வெளிப்படுகிறது. ஒரு கல் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கே இந்தத் தத்துவம்தான் காரணம் என்ற கருத்தைப் பௌலிக்கு லோரன்ஸ் பதக்கம் வழங்கப்பட்ட 1931இல் பால் எரென்ஃபெஸ்ட் எடுத்துரைத்தார். ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் 1967இல் அதைக் கணித முறையில் நிலைநாட்டினர். மின்விசைகள் மட்டும் இருந்து தவிர்க்கைத் தத்துவம் இல்லாமற்போனால், பெரிய அளவிலான பொருள் எதுவும் தன் பருமனோடு நிலைக்காமல் உள்நோக்கிக் குவிந்துவிடும் என்பது அவர்களுடைய ஆய்விலிருந்து பெறப்படுகிறது. எல்லா அணுக்களும் ஒரே இடத்தில் பொருந்திவிட்டால் திரள் ஓர் அணுவளவே ஆகும் என்று வசுபந்து காட்டிய அபாயத்தைத் தடுத்து நிற்பது இந்தத் தத்துவமே.

மிதப்பதாகச் சொல்லும் கூற்று

நாற்காலிக்கு மேலே மனிதர் மிதக்கிறார் என்ற கூற்றை இனி எடைபோட்டுப் பார்க்கலாம். பென்சிலின் எழுதுமுனையில் உள்ள கிராஃபைட்டில் கரி அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தாளுக்குள் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் வேதிப்பிணைப்பால் கட்டுண்டு 0.142 நானோமீட்டர் தூரத்தில் நிற்கின்றன; ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே வலுக்குறைந்த வான்டர் வால்ஸ் விசை மட்டுமே இயங்குவதால் அங்கே தூரம் 0.335 நானோமீட்டர். எழுதும்போது தாள்கள் எளிதில் பிரிந்து காகிதத்தில் ஒட்டுவதற்கு இந்த வேறுபாடே காரணம். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இந்தத் தாள்களைத் தொடாதவை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால், கிராஃபைட் என்ற திண்மப் பொருளே தொடாத துண்டுகளின் கூட்டமாகிவிடும். இரும்பு, பளிங்கு, மரம், மனித உடல் எல்லாவற்றுக்குள்ளும் அணுக்கருக்களுக்கு இடையே இதே அளவுத் தூரங்கள்தாம் உள்ளன. அமர்ந்தவருக்கும் நாற்காலிக்கும் இடையிலுள்ள தூரத்தை இடைவெளி என்று கொள்பவர், நாற்காலியின் கால் அதன் இருக்கையோடு சேர்ந்திருப்பதையும் மறுத்தாக வேண்டும். அணுக்கள் கெட்டியான உருண்டைகளாக இருந்து, அவற்றின் பரப்புகள் மோதினால்தான் தொடுகை என்ற அளவுகோலை, உருண்டையும் அல்லாத பரப்பும் இல்லாத அணுக்கள்மீது வைத்ததால் விளைந்த முடிவே அது. அந்த அளவுகோலைக் கைவிட்டால் தொடுகை மறைவதில்லை. எதைக் கொண்டு அதை அளப்பது என்ற கேள்வி மட்டும் மாறுகிறது.

தொடும் இடம் எவ்வளவு?

அணுக்களைப் பற்றிய இந்த விளக்கத்தை முழுப் பொருள்களுக்குப் பொருத்தும்போது மற்றொரு உண்மை வெளிப்படுகிறது. எவ்வளவு மெருகேற்றப்பட்ட பரப்பும் அணு அளவில் மேடுபள்ளமானதே. அதனால் இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்படும்போது, ஒரு பலாப்பழத்தின்மேல் இன்னொரு பலாப்பழம் முள்முனைகளில் மட்டும் ஊன்றி நிற்பதுபோல, மேடுகளின் உச்சிகள் மட்டுமே சமநிலைத் தூரத்துக்கு வந்து சேர்கின்றன. ஃபிராங்க் ஃபிலிப் பௌடனும் டேவிட் டேபரும் 1939இல் வெளியிட்ட ஆய்வில், உலோகப் பரப்புகளுக்கு இடையே மின்னோட்டம் எவ்வளவு தடைபடுகிறது என்பதைக் கொண்டு இந்த உண்மையான தொடுபரப்பை மதிப்பிட்டனர். கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அது மிகச் சிறிய பங்கே என்று தெரியவந்தது.

கணக்கு எளியது. உச்சிகள் நசுங்கி, உலோகத்தின் கடினத்தன்மை தாங்கும் அளவுக்குப் பரப்பு விரியும் வரை பாரம் அவற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். தட்டையான அடிப்பகுதி கொண்ட ஒரு கிலோ எடையுள்ள இரும்புக் கட்டியை இரும்புத் தகட்டின்மேல் வைத்தால், சாதாரண எஃகின் கடினத்தன்மையை வைத்துப் பார்க்கும்போது உண்மையான தொடுபரப்பு ஏறத்தாழ நூற்றில் ஒரு சதுர மில்லிமீட்டராக அமைகிறது. கட்டியின் அடிப்பகுதி பத்துக்குப் பத்து சென்டிமீட்டராக இருந்தால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு பரப்பிலும் ஒன்றையொன்று எதிர்கொண்டு நிற்கும் அணுக்களின் எண்ணிக்கை பத்தாயிரம் கோடியைத் தாண்டும். பொருளின் அடிப்பரப்பு எவ்வளவு என்பதை உராய்வு பொருட்படுத்துவதில்லை, பாரத்தை மட்டுமே பொருட்படுத்துகிறது என்று பிரெஞ்சு அறிஞர் அமோன்டோன் 1699இல் கண்ட விதிக்கு இந்தக் கணக்கே விளக்கம். பாரம் இரட்டித்தால் உண்மையான தொடுபரப்பும் இரட்டிக்கிறது. கட்டியைப் படுக்கவைத்தாலும் நிற்கவைத்தாலும் அது மாறுவதில்லை.

ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் அழுக்கு

உச்சிகளில் சமநிலைத் தூரத்துக்கு வந்துவிட்ட இரும்பு அணுக்களுக்கு, எதிரே இருப்பது தம் கட்டியைச் சேர்ந்த அணுவா, அடுத்த கட்டியைச் சேர்ந்ததா என்று தெரிய வழியில்லை. இரண்டு பக்கமும் ஒரே உலோகமாக இருந்து, நடுவே வேறெதுவும் இல்லையென்றால், அவை ஒரே கட்டியாகிவிடுவதே இயல்பு. வெப்பமோ உருக்குதலோ இன்றி இப்படி உலோகங்கள் இணைவதைக் குளிர் பற்றவைப்பு என்பர். மெல்லிய உலோகமான ஈயத்தில் இதைக் காண்பது எளிது. இரண்டு ஈய உருண்டைகளைச் சற்றே சீவி, புதுப்பரப்புகளைத் திருகி அழுத்தினால் அவை கணிசமான எடையைத் தாங்கும் அளவுக்கு ஒட்டிக்கொள்வதை ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியர்ஸ் 1724இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்தார்.

வீட்டிலுள்ள கரண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. தொடுபரப்பு மிகச் சிறியது என்பது முதலாவது. அழுத்தத்தால் வளைந்த உச்சிகள் பாரம் நீங்கியதும் விற்சுருள் போல நிமிர்ந்து, உண்டாகியிருந்த சிறு இணைப்புகளை அறுத்துவிடுகின்றன என்பது இரண்டாவது. மூன்றாவதும் முதன்மையானதும் அழுக்கு. காற்றில் புதிதாக வெட்டப்பட்ட உலோகப் பரப்பின்மேல், ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், ஓரணுப் படலம் அமையப் போதுமான வாயு மூலக்கூறுகள் வந்து மோதிவிடுகின்றன. அதன்மேல் ஆக்சைடும் ஈரமும் எண்ணெய்ப் பசையும் படிந்துவிடுவதால், உலோகம் உலோகத்தைத் தொடுவது அரிது; தொடுவது படலமும் படலமுமே.

இந்தப் பாதுகாப்பு நீங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வியாழனை ஆராய அமெரிக்காவின் நாசா 1989 அக்டோபரில் ஏவிய கலிலியோ விண்கலம் சான்றாகிவிட்டது. அதன் முதன்மை அலைவாங்கி, 18 கம்பிகளைக் கொண்டு குடைபோல மடக்கி வைக்கப்பட்டிருந்தது, விரிந்தால் 4.8 மீட்டர் அகலம். 1991 ஏப்ரலில் அதை விரிக்கக் கட்டளை சென்றபோது மோட்டார்கள் திணறி நின்றன. சில கம்பிகளை நடுத்தண்டோடு பிடித்துவைத்திருந்த முளைகள் தத்தம் குழிகளை விட்டு வெளிவரவில்லை. 1986இல் சேலஞ்சர் விபத்தால் பயணம் தள்ளிப்போனதில், அலைவாங்கி கலிபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே லாரியில் மீண்டும் மீண்டும் கொண்டுசெல்லப்பட்டது. அந்த அதிர்வில் முளைகளின் உலர் மசகு தேய்ந்துபோய், வெற்றுலோகங்கள் வெற்றிடத்தில் அழுந்திப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் முடிவு. காற்றில் தேய்ந்த இடம் மீண்டும் ஆக்சைடு பூண்டிருக்கும். விண்வெளியில் அதற்கு வழியில்லை. நொடிக்கு 1,34,000 பிட் அனுப்பியிருக்க வேண்டிய கலம், துணை அலைவாங்கியின் வழியே, மென்பொருள் திருத்தங்களுக்குப் பிறகும் நொடிக்கு அதிகம் போனால் 160 பிட் அளவிலேயே செய்தி அனுப்ப நேர்ந்தது. அப்படியிருந்தும் 1995 டிசம்பரில் வியாழனை அடைந்து 2003 வரை அது பணியாற்றியது.

குளிர் பற்றவைப்பு விரும்பத்தக்கதாகும் இடங்களும் உண்டு. ஆக்சைடு பூணாத தங்கத்தில், பத்து நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள இழைகள் நுனியோடு நுனி தொட்ட சில நொடிகளில் தாமாகவே இணைந்து, இணைந்த இடம் தெரியாதபடி ஆகிவிடுவதை 2010இல் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர்.

பல்லியின் தீர்வு

ஒட்டுவதையும் பிரிவதையும் ஒருசேரக் கைவரப்பெற்ற உயிர் பல்லி. ஆய்வுக்கு அதிகம் உட்பட்ட டோக்கே இனப் பல்லியின் ஒவ்வொரு காலடியிலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளைத்து, 200 நானோமீட்டர் அளவுள்ள தட்டையான இலைகளாக முடிகிறது. சுவரின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப இந்த இலைகள் வளைந்து படிவதால், உச்சிகளில் மட்டும் நிகழும் சாதாரணத் தொடுகைக்கு மாறாக, பரப்பின் பெரும்பகுதி சமநிலைத் தூரத்துக்கு வந்துவிடுகிறது. கெல்லர் ஆட்டமும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஒரே ஒரு மயிரின் பிடிப்பை அளந்தனர். 2002இல், நீரை ஏற்கும் பரப்பிலும் நீரை ஒதுக்கும் பரப்பிலும் அது ஏறத்தாழ ஒரே வலிமையுடன் பற்றுவதைக் காட்டி, பசையோ நீரின் பிடிப்போ அல்லாமல் வான்டர் வால்ஸ் விசையே இதற்குக் காரணம் என்று வாதிட்டனர். மயிரின் சாய்வு சுவரிலிருந்து ஏறத்தாழ 30 பாகையைத் தாண்டியதும் அது தானே விடுபடுகிறது. ஆகவே பல்லி ஒவ்வோர் அடியிலும் விசையோடு போராடி விடுபடுவதில்லை, விரலைச் சுருட்டிக் கோணத்தை மாற்றுவதே போதுமாகிறது.

கருவிகள் கண்ட தொடுகை

தொடுகை தொடங்கும் கணத்தை அளக்கும் வாய்ப்பு, கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிச் ரோரரும் 1981இல் சூரிக் நகரின் ஐபிஎம் ஆய்வகத்தில் உருவாக்கிய ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியால் வந்தது. இக்கருவியில் மிகக் கூரிய உலோக முனை ஒரு பரப்பை நெருங்கும். இடையே வெற்றிடம் இருந்தும், எலக்ட்ரான்கள் குவாண்டம் இயல்பால் அதைக் கடந்து சிறு மின்னோட்டமாகப் பாயும். முனை 0.1 நானோமீட்டர் நெருங்கும்தோறும் மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. இந்தச் சீரான ஏற்றம் ஓரிடத்தில் முறிகிறது. கவர்ச்சி மேலோங்கி, முனையின் கடைசி அணு எதிர்ப்பரப்பை நோக்கித் தாவி நிற்க, மின்னோட்டம் ஒரே எட்டில் உயர்ந்து, அதன்பின் முனையை நெருக்கினாலும் சற்றுநேரம் பெரிதாக மாறாமல் நிற்கிறது. தங்கத்தில் ஓர் அணு மட்டுமே பாலமாக நிற்கும்போது மின்தடை 12,900 ஓம் அளவில் இருக்கிறது. இது தங்கத்தின் தூய்மையையோ முனையின் வடிவத்தையோ பொறுத்ததன்று, இயற்கையின் மாறிலிகளிலிருந்தே கிடைக்கும் எண். தொட்டதா தொடவில்லையா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை எதிர்பார்ப்பது கடினம்.

எனினும் இந்தத் தெளிவு ஓர் அணுவுக்கே உரியது. பல அணுக்கள் சேர்ந்த தொடுபரப்பில், மேடுகளை வழவழப்பான கோளங்களாகக் கொண்டு பொறியியல் போட்டுவந்த கணக்குகள், கோளத்தின் மேற்பரப்பும் அணுக்களால் ஆன படிக்கட்டுதான் என்பதால் பெருமளவு பிழைபடுவதை பின்சுவான் லுவானும் மார்க் ராபின்ஸும் 2005இல் கணினிக் கணிப்பால் காட்டினர். எதிர்ப்பக்க அணுக்களோடு விசை பரிமாறும் தூரத்துக்குள் எத்தனை அணுக்கள் உள்ளன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையே தொடுபரப்பாகக் கொண்டால் உராய்வின் பழைய விதிகள் நானோ அளவிலும் பொருந்துவதை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் கண்டனர்.

மனிதத் தோல் அறியும் தொடுகை இவற்றிலிருந்து வேறுபட்டது. விரலுக்கும் பொருளுக்கும் இடையே வியர்வையும் எண்ணெயும் எப்போதும் இருக்கும். தோல் அழுந்துவதாலும் அதிர்வதாலும் நரம்பு முனைகளிலுள்ள பீசோ என்னும் புரதவாயில்கள் திறப்பதே தொடு உணர்வின் தொடக்கம். அவற்றை 2010இல் கண்டறிந்த குழுவின் தலைவரான ஆர்டெம் பட்டாபூட்டியன் 2021இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் இந்த உணர்வு மந்தமானதன்று. 2013இல் ஸ்வீடனில் நடந்த ஆய்வில், ஏறத்தாழ 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களை விரல்நுனி தடவி அறிந்தது.

பாரத்தைத் தாங்கும் பரப்பு, மின்னோட்டம் தாவும் தூரம், விசை பரிமாறும் அணுக்களின் எண்ணிக்கை, தோல் கொள்ளும் அழுத்தம் ஆகிய நான்கும் தொடுகையின் நான்கு அளவைகள். எதை அறிய வேண்டும் என்பதைப் பொறுத்து எந்த அளவை என்பது முடிவாகிறது, இடைவெளியின்மை என்ற பழைய அளவை மட்டும் எங்கும் உதவுவதில்லை. தொடுவது கடினம் என்று எண்ணி நின்றால் இந்த உண்மைகளில் முக்கியமானது கைநழுவிப் போகும். அணுக்களுக்கு நெருங்குவதும் ஒட்டுவதும் இயல்பு. எந்திரத்தின் அச்சு சுழல்வதற்கும் தாழ்ப்பாள் திறப்பதற்கும் கரண்டி கரண்டியை விட்டு விலகுவதற்கும், கரடுமுரடான பரப்பும் அதன்மேல் படிந்த சில அணுக் கன அழுக்கும் இடையே நின்று தடுப்பதே காரணம்.